பேருந்து நிற்கும் முன்பே இறங்குகிறவள்

பேருந்து முழுதாக நின்ற பிறகு அவள் இறங்கி நான் பார்த்ததில்லை. பாப்பிரெட்டிப்பட்டி நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. அங்கே வண்டி தயங்கும். அந்தத் தயக்கம் அவளுக்குப் போதும். ஒரு கையில் பை, மறு கையில் புடவைக் கொசுவம், வண்டி போகும் திசையிலேயே நாலடி ஓடி நின்று, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவாள். "இந்தப் பொண்ணு ஒருநாளு என் வேலைக்கு உலை வெக்கப் போவுது" என்று நடத்துநர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அவள் காதில் அது விழுந்திருக்காது. அதற்குள் பெட்டிக்கடையைத் தாண்டியிருப்பாள்.

நான் ஒரு நாளிதழுக்குச் செய்தியாளராக அந்த ஊரில் சில ஆண்டுகள் இருந்தேன். அவள் வீட்டுக்கும் என் வாடகை வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே குழாய். அவளுக்கு வயது இருபத்தைந்துக்குள். கணவன் சரக்கு வண்டி ஓட்டினான். மாமியார் உண்டு. அவள் புளி மண்டியில் வேலை செய்தாள்.

அவளிடம் கேள்வி கேட்பது வீண் வேலை. "நாளைக்குத் தண்ணி..." என்று நான் தொடங்கினால், "வராதுக்கா, மோட்டாரு ரிப்பேரு" என்று அடுத்த வாசலிலிருந்து பதில் வரும். பால் பொங்கும் வரை அடுப்பருகே நிற்க மாட்டாள். அதற்குள் இரண்டு பாத்திரம் கழுவுவாள், பால் பொங்கும் நொடியில் சரியாகத் திரும்பி வருவாள். தேநீரை ஆறவிட்டுக் குடித்ததில்லை.

அந்த வேகத்துக்காகத்தான் மாமியார் அவளைத் தேர்ந்தெடுத்தார். பெண் பார்க்கப் போன கதையை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"காபி குடுத்துட்டு உள்ள போனா. நாங்க டம்ளர கீழ வெக்கறதுக்குள்ள வந்து எடுத்துக்கிட்டுப் போயி கழுவிக் கவுத்துட்டா. எம் மவன் பாதிதான் குடிச்சிருந்தான். அவன் டம்ளரும் போயிடுச்சு. இந்தப் புள்ளதான்னு அப்பவே சொல்லிட்டேன்."

"மீதிக் காபி?" என்றேன்.

"அது போவுது, காபிதான."

மண்டியில் பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து புளி தட்டுவார்கள். ஓடு உடைத்து, நார் உரித்து, சின்ன இரும்புக் கம்பியால் தட்டிக் கொட்டையை வெளியே தள்ள வேண்டும். சீசன் முடிந்தாலும் குளிர்பதனக் கிடங்கிலிருந்து புளி வந்துகொண்டே இருக்கும். எடைக்குத்தான் கூலி. சாயங்காலம் அவள் முன்னால் குவிந்திருக்கும் புளி மற்றவர்களுடையதைப்போல ஒன்றரை மடங்கு. அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் பழனியம்மா. நாற்பதைத் தாண்டியவர், பருத்த உடம்பு, நிதானமான பேச்சு.

"ஏன்டி, எல்லாப் புளியவும் நீயே தட்டிட்டா நாங்க என்னாத்த தட்டறது, ஒருத்தர் தலைய ஒருத்தரா?"

"வாயக் கொறைங்க சின்னம்மா. கை தானா ஓடும்."

"ஓடும் ஓடும். உனக்குக் கரண்டு எந்தக் கம்பத்துல இருந்து வருதுன்னு சொல்லு, நானும் ஒரு கொக்கி போட்டுக்கறேன்."

வேகத்தோடு வேறு சிலவும் இருந்தன. மார்கழியில் சித்தேரி மலைப் பக்கமிருந்து இறங்கும் குளிருக்கு ஊரே போர்த்திக்கொண்டு கிடக்கும். அவள் வெறும் தரையில், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துப் படுப்பாள். கணவன் வீட்டுக்குள் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு சாப்பிடுவான். "ஏற்காட்டுல குடும்பம் நடத்தற மாதிரி இருக்குதுங்க எனக்கு" என்பான். ராகிக் களி மூன்று உருண்டை தின்பாள், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. வளையல் நழுவாமலிருக்க நூல் சுற்றியிருந்தாள். கண்கள் சற்று அகன்று, வெள்ளை கூடுதலாகத் தெரியும். ரேஷன் கடையில் எடை போடுகிறவர் ஒருமுறை, "என்னாத்துக்கும்மா மொறைக்கற? எடை சரியாத்தான் இருக்குது" என்றார். "நான் சும்மா பாத்தேங்க" என்றாள். உண்மையிலேயே சும்மாதான் பார்த்தாள்.

வேகம், வெக்கை, பசி, கண். இவற்றை யாரும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. வேகம் அவள் குணம். மற்றவை அவளுடைய விசித்திரங்கள்.

முதல் கர்ப்பம் மூன்றாம் மாதம் கலைந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இதற்கும் வேகத்தையே காரணம் சொன்னார்கள். "துள்ளிக்கிட்டே இருந்தா வவுத்துல எப்படி நிக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் பதில் சொல்லத் தாமதித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கேள்விக்குத்தான். கடைசி வரை சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு மறுபடி உண்டானாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாளில், நர்சம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார், விட்டார், உட்காரச் சொல்லிச் சற்றுப் பொறுத்து மறுபடி பிடித்தார். "ஓடி வந்தியா?" என்று கேட்டார். "இல்லீங்க, வண்டியிலதான் வந்தேன்." ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார். விழுங்கும்போது கழுத்தின் அடியில் ஏதோ ஒன்று மேலேறி இறங்கியது. தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

கணவன் ஓசூருக்கு லோடு ஏற்றிப் போயிருந்ததால் நான் கூடப் போனேன். அங்கிருந்த பெண் மருத்துவர் அவளை இரு கைகளையும் நேராக நீட்டச் சொன்னார். விரல்களின்மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்தார். காகிதத்தின் ஓரம் படபடத்தது. விசிறிக் காற்று என்று நினைத்தேன். மருத்துவர் எழுந்து போய் விசிறியை நிறுத்தினார். காகிதம் நிற்கவில்லை.

"எப்பவுமே இப்படித்தான் வேகமா இருப்பியாம்மா?"

"ஆமாங்க. எங்க வூட்ல எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க."

"சின்ன வயசுல இருந்தேவா?"

அவள் யோசித்தாள். "பள்ளிக்கூடத்துல நான் இப்படி இல்லீங்க. பிரேயருக்கு எப்பவும் லேட்டா வர்றவதான். கல்யாணத்துக்கு முந்தின வருசத்துல இருந்துதான் இப்படி."

ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்ததும் மருத்துவர் சுற்றிவளைக்காமல் சொன்னார். கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி அளவு தெரியாமல் சுரக்கிறது. உடம்பு முழுவதையும் விரட்டுகிறது. சென்ற முறை குழந்தை தங்காததற்கும் அது காரணமாக இருக்கலாம். இப்படியே விட்டால் இந்தக் குழந்தைக்கும் ஆபத்து, அவள் இதயத்துக்கும் ஆபத்து. அடக்கினால் இருவரும் நன்றாக இருப்பார்கள். முதல் மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை, பிறகு வேறொன்று; படபடப்புக்குத் தனியாக ஒன்று. மாதந்தோறும் ரத்தம் பார்க்க வேண்டும். அபூர்வமாக அந்த மாத்திரை நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும்; காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் அன்றைக்கே சுரப்பிக்கான மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும்.

"ஓடி வர்றதுல உனக்குக் கஷ்டம் இருக்காது" என்று சிரித்தார்.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள் கேட்டாள்: "வேகத்துக்குக்கூடவா அக்கா மாத்திர குடுப்பாங்க?" பிறகு வேகத்தடை வந்தது. எழுந்து போய்விட்டாள்.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியது நாலாம் மாதத்தில். முதலில் விசிறியின் வேகம் குறைந்தது. பிறகு ஒரு காலை, குழாயில் தண்ணீர் வந்து வெகுநேரம் கழித்துத்தான் அவள் குடத்தோடு வந்தாள். முகத்தில் தூக்கம் இருந்தது. அதுவரை அந்த முகத்தில் நான் பார்த்திராத ஒன்று. "அக்கா, நான் ராத்திரி முழுசும் தூங்கிட்டேன்" என்றாள், ஏதோ தப்பு செய்ததைப் போல. உடம்பு கொஞ்சம் பூசியது. வளையலிலிருந்த நூலை அவிழ்த்தாள். மருத்துவர் மகிழ்ந்தார்.

வீடு மகிழவில்லை. மண்டியில் அவள் குவியல் மற்றவர்கள் குவியலோடு சமமானது, பிறகு கொஞ்சம் சிறுத்தது. "எக்ஸ்பிரசு வண்டி டவுன் பஸ்ஸாயிடுச்சுடி" என்று வரிசையில் எவளோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. மாமியார் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். அவருடைய பயம் பொய்யில்லை.

"நல்லா இருந்த புள்ளைங்க. பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டு இருந்தா. இப்ப கூப்புட்டா, ரெண்டாவது தடவதான் திரும்பிப் பாக்கறா. அவளுக்கே இப்படின்னா உள்ள இருக்கற உசுரு என்னா ஆவும்? மந்தமாப் பொறந்துடுச்சின்னா?"

கர்ப்பத்தில் எந்தப் பெண்ணும் கொஞ்சம் நிதானமாவாள் என்றேன். "இவ மத்தவளுங்க மாதிரி இல்லீங்களே" என்றார்.

அவளும் அதையேதான் நம்பினாள். நோய் என்று மருத்துவர் பெயர் வைத்ததைத்தான் இந்த வீடும் மண்டியும் அவள் என்று அறிந்திருந்தன. அது போனால் மிச்சமிருக்கிறவளை யாருக்கும் பழக்கமில்லை, அவளுக்கும்கூட.

இந்த நேரத்தில்தான் பழனியம்மா உதவிக்கு வந்தார். அவருக்கும் தைராய்டு உண்டு. ஆனால் நேர் எதிர்ச் சிக்கல். அவருடைய சுரப்பி தூங்கிவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகி, முடி கொட்டி, கால் வீங்கிக் கிடந்தவரை, தினம் காலையில் வெறும் வயிற்றில் போடும் ஒரு சின்ன மாத்திரை எழுப்பி உட்கார வைத்தது. அந்த மாத்திரையின் புகழை அவர் பாடாத நாளில்லை. ஊரில் தைராய்டு என்றால் எல்லோருக்கும் தெரிந்தது அந்த வகைதான். வீதிக்கு இரண்டு பேர் அதே மாத்திரை போட்டார்கள். சுரப்பி மிகுதியாய்ச் சுரக்கும் என்பதை யாரும் கேள்விப்பட்டதில்லை.

"உனக்கு வேற எவளுக்கோ குடுக்க வேண்டியத குடுத்துட்டாங்கடி" என்றார் பழனியம்மா. "காய்ச்ச வந்தா நிறுத்திடுன்னு டாக்டரே சொன்னாங்கன்னு நீதான சொன்ன? நல்ல மாத்திரய நிறுத்துன்னு சொல்லுவாங்களா? நானும் இப்படித்தான் மாடு மாதிரி அசஞ்சிக்கிட்டுக் கெடந்தேன். இதப் போடு. ஒரு மாசத்துல பாரு."

தன் குப்பியிலிருந்து பாதியைக் கொட்டிக் கொடுத்தார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய அவள் திரும்பி வந்தாள். கேள்வி முடியும் முன் பதில், ஆறாத தேநீர், முழு வேகத்தில் விசிறி. மண்டியில் குவியல் உயர்ந்தது. ஆறு மாத வயிற்றோடு வேகத்தடையில் இறங்கினாள். நடத்துநர் கையெடுத்துக் கும்பிட்டார். மாமியார், மருத்துவர் கொடுத்த மாத்திரை கடைசியில் சரியாக வேலை செய்கிறது என்று நினைத்தார்; மருமகள் காலையில் மாத்திரை போடுவதை அவர் கண்ணால் பார்த்தார். வீட்டுக்கு வந்த நர்சம்மா, "மாத்திர ஒழுங்கா..." என்று தொடங்கினார். "போடறேங்க" என்றாள். அது பொய்யில்லை.

அந்த மாத ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் அவள் போகவில்லை. மண்டியில் வேலை அதிகம் என்றாள்.

ஒரு மத்தியானம், மண்டியில் கம்பி கையிலிருந்து விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. உடம்பு நெருப்பாகச் சுட்டது. வியர்வை ரவிக்கையை நனைத்துப் புடவையில் இறங்கியது. வாந்தி எடுத்தாள். பிறகு யாரிடமோ, "வந்துட்டேன், வந்துட்டேன், எடுத்து வெச்சிட்டேன்" என்று பேசத் தொடங்கினாள். மண்டியிலிருந்து ஆள் வந்து மாமியாரையும் என்னையும் அழைத்துப் போனபோது, பழனியம்மா அவள் தலையை மடியில் வைத்திருந்தார். கழுத்து நரம்பு துடிப்பது எட்ட நின்றே தெரிந்தது. ஆம்புலன்சில் மாமியாரும் பழனியம்மாவும் பின்னால் ஏறினார்கள். நான் முன்னால் உட்கார்ந்தேன்.

அவசரப் பிரிவில் அதே மருத்துவர் வந்தார். ஒரு பார்வை பார்த்துவிட்டு மாமியாரிடம் திரும்பினார்.

"மாத்திரய எப்ப நிறுத்தினாங்க?"

"நிறுத்தலீங்க. தெனமும் போடறா. எங் கண்ணாலப் பாத்தேன்."

"போட்டிருந்தா இப்படி ஆகாதும்மா."

பழனியம்மா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து தன் குப்பியை எடுத்து நீட்டினார்.

"அவ அத நிறுத்திட்டாங்க. இதத்தான் போடறா. நாந்தாங்க குடுத்தேன். எனக்கு நல்லாச்சுதுங்க இது. போலீசுக்குச் சொல்லறதுன்னா சொல்லுங்க, நான் இங்கயே நிக்கறேன். அந்தப் புள்ளையக் காப்பாத்துங்க."

மருத்துவர் குப்பியைப் பார்த்தார். கோபப்பட அவருக்கு நேரமில்லை. எத்தனை நாளாக, தினம் எத்தனை என்று இரண்டே கேள்வி கேட்டார். பழனியம்மா சரியாகச் சொன்னார். மருத்துவர் உள்ளே போய்விட்டார். பின்னால் அவர் என்னிடம் சொன்னது: அந்த அம்மாள் வாய் திறக்காமல் இருந்திருந்தால், காரணத்தைத் தேடுவதிலேயே நேரம் போயிருக்கும். வீணாக்க அவளிடம் அதிக நேரம் இருக்கவில்லை.

வெளியே பெஞ்சில் மாமியார் பழனியம்மாவைத் திட்டவில்லை. திட்டுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். "மருமவ பழையபடி ஆயிட்டான்னு முனியப்பனுக்குச் சேவல் அறுத்தேன்டி, போன வாரம்" என்று மட்டும் சொன்னார். பழனியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு உயிரும் தப்பின. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு வந்த பிறகும் பல நாள் அவளைப் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். படுத்திருப்பதுதான் அவள் அதுவரை செய்யாத வேலை. சன்னலை எண்ணினாள், கம்பியை எண்ணினாள், பக்கத்துக் கட்டில்காரிகளின் சண்டையைத் தீர்த்து வைத்தாள். பொழுது போகட்டும் என்று ஒரு நர்ஸ் நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தார்: மணிக்கட்டில் இரண்டு விரல், கண் சுவர்க் கடிகாரத்தில். நான் கொண்டுபோகும் பழைய நாளிதழில் ஒரு துண்டைக் கிழித்து, காலையில் கண் விழித்ததும் நீட்டிய விரல்மேல் வைத்துப் பார்ப்பாள். "இன்னிக்கு உங்க பேப்பரு கம்முனு இருக்குதுக்கா" என்று ஒருநாள் போனில் சொன்னாள்.

அவளுக்கு மிஞ்சிய பயம் ஒன்றுதான். தாயின் ரத்தத்திலிருக்கும் இந்த நோயின் தூண்டுதல் குழந்தைக்கும் போகக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் குழந்தையின் இதயத்துடிப்பை அடிக்கடி கேட்டார்கள். கருவியை வயிற்றில் வைத்ததும் குதிரை ஓடுவதுபோல அந்தச் சத்தம் வார்டில் பரவியது. அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மாதிரியே ஓடுதுங்களே."

"எல்லாக் குழந்தையும் உள்ள இப்படித்தாம்மா ஓடும். அது ஓடணும். நீதான் நிக்கணும்."

அவள் நின்றாள். பிரசவம் வரை ஒரு மாத்திரை தவறவில்லை. நாளுக்குக் கொஞ்சம் முன்னதாகவே, சின்ன உருவமாய் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தபோதெல்லாம் குழந்தையைவிட மாமியார் சத்தமாக அழுதார். பயந்தது எதுவும் குழந்தைக்கு வரவில்லை. இனி இதற்காக வர வேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அவளுக்கு மட்டும் மாத்திரை தொடர்ந்தது.

அதன் பிறகு எனக்கு ஊர் மாறியது. சென்ற பங்குனியில் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவள், மண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அவள் குவியல் சராசரிக்குச் சற்று மேலே இருந்தது. கை இன்னமும் வேகம்தான், பழைய வேகமில்லை. இதில் எவ்வளவு அவளுடையது, முன்பு எவ்வளவு நோயுடையது என்று வரிசையில் ஒரு விவாதமே நடந்தது.

"பாதிக்குப் பாதி" என்றார் பழனியம்மா.

"முக்காவாசி நான்தான் சின்னம்மா" என்றாள் அவள்.

மாமியார் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டரை வயது. அம்மா காலையில் செய்வதைப் பார்த்துப் பழகிய குழந்தை, வந்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, புளி கட்டி வந்த காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து அந்தக் குட்டி விரல்கள்மேல் வைத்தாள். ஒரு கணம்கூட ஆகவில்லை. குழந்தை காகிதத்தை உதறிவிட்டு இரண்டு வரிசைக்கும் நடுவே ஓடியது. கொட்டைக் குவியலில் ஏறியது, சறுக்கியது, எழுந்து மறுபடி ஓடியது.

"அப்படியே அவங்கம்மா" என்று வரிசையில் ஒருத்தி சொன்னாள்.

கம்பிகள் ஒவ்வொன்றாக நின்றன. பழனியம்மா சொன்னவளை முறைத்தார். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவள் எழுந்தாள். அவசரப்படாமல் போய்க் குழந்தையைப் பிடித்து மடியில் உட்கார வைத்தாள். மூச்சு வாங்கித் தணியும் வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அந்த மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. நொடி முள் ஒரு சுற்று முடித்தும் அவள் விரலை எடுக்கவில்லை. இன்னொரு சுற்றும் எண்ணினாள்.

"ஒண்ணுமில்ல அத்தை" என்றாள். "இது வெறும் வேகந்தான்."

கையை விட்டாள். குழந்தை ஓடியது.